கண்ணுக்கும் ஹக்கு உண்டு: இரண்டாவது திரையும் நமது இஸ்ராஃப் கணக்கும்



சென்ற மாதம் இஷாவுக்குப் பின் நடைபெற்ற மதரஸா நிர்வாகக் கூட்டத்தில் அடியேன் வைத்த ஒரு கோரிக்கை, கொடுத்த தேநீர் ஆறுவதற்குள் தள்ளுபடி செய்யப்பட்டது. ஆசிரியர்கள் கிதாபு பார்த்துக் குறிப்பெடுக்கும் மேசையில் ஒரு மடிக்கணினி இருக்கின்றது. அதனோடு இரண்டாவது திரையாக இணைத்துக்கொள்ள ஓர் இ-இங்க் திரை வேண்டும் என்பதே என் கோரிக்கை.

"ஹஸ்ரத், ஒரு கம்ப்யூட்டருக்கு ரெண்டு டிவியா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். சிரிப்பு எழுந்தது. இன்னொரு சகோதரர் சிரிக்கவில்லை; அவர் மார்க்கத்தைக் கொண்டே மறுத்தார். "ஓடுற ஆத்துல ஒளூ செஞ்சாலும் தண்ணிய விரயம் பண்ணக் கூடாதுன்னு நீங்கதானே பயான் பண்ணுனீங்க? இது இஸ்ராஃப் இல்லாம வேற என்ன?" என்றார். அடுத்த பொருளாக, கட்டட முகப்புக்கு வண்ண விளக்குகள் அமைக்கும் செலவு எடுத்துக்கொள்ளப்பட்டது. நான் கேட்ட திரையின் விலையைப் போல் அது இரு மடங்கு. ஐந்து நிமிடத்தில் ஒப்புதலாயிற்று.

சிரித்தவர்கள் மீது எனக்கு மனவருத்தம் இல்லை. இரவு பகலாகத் தறியோடு நின்று உழைத்து, அந்த உழைப்பில் மிச்சம் பிடித்து மதரஸாவை நடத்துகிறவர்கள் அவர்கள். எங்கள் குமாரபாளையத்தில் 'நூல்' என்றால் புத்தகம் அன்று. கவுண்ட்டு சொல்லி விற்கப்படும் பஞ்சு நூல்தான். ஆனால், 'இஸ்ராஃப்' என்ற சொல் அங்கே எடுத்தாளப்பட்டதே, அதைக் கேட்டுக்கொண்டு மௌனமாக இருக்க எனக்கு உரிமையில்லை. அந்தச் சொல்லின் பொருளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம் தரப்படுகின்றது.

முதலில் பொருள் இன்னதென்று சொல்லிவிடுகிறேன். டிவி, கைபேசி, மடிக்கணினி ஆகியவற்றின் திரைகள் உள்ளிருந்து ஒளியை உமிழ்பவை. அல்லது பின்னால் விளக்கெரிய, முன்னால் படம் காட்டுபவை. இ-இங்க் திரை அவ்வாறு இயங்குவதில்லை. அதனுள் மயிரிழையின் பருமனையொத்த நுண்ணிய குமிழ்கள் இலட்சக்கணக்கில் பரப்பப்பட்டுள்ளன. ஒவ்வொரு குமிழுக்குள்ளும் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் ஒரு திரவத்தில் மிதக்கின்றன. இரண்டும் எதிரெதிரான மின்னூட்டம் கொண்டவை. எந்த இடத்தில் எழுத்து வரவேண்டுமோ அங்கே கறுப்பு மேலே வருகின்றது. மற்ற இடங்களில் வெள்ளை மேலே நிற்கின்றது. அதன் பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டாலும் எழுத்து அப்படியே நிற்கும். அறையின் வெளிச்சம் பட்டுத்தான் நாம் அதைப் படிக்கிறோம், காகிதத்தைப் படிப்பது போலவே. அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்தில் பிறந்த இந்த யோசனையைத் தொழிலாக்க 1997இல் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. 2004இல் சோனியும், 2007இல் கிண்டில் என்ற பெயரில் அமேசானும் இதை வைத்துப் படிப்புக் கருவிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தன. கணினிக்கு மானிட்டராகவே இணைக்கும் திரைகளைப் பின்னர் டாசங், ஓனிக்ஸ் போன்ற சீன நிறுவனங்கள் செய்தன.

இனி, இது எனக்கு எதற்கு என்ற கேள்வி.

மாலை நேர நிஸ்வான் வகுப்புக்காக, 'நூருல் ஈளாஹ்' நூலின் சுத்தம், தொழுகை பாடங்களைத் தமிழில் குறிப்புகளாக எழுதி வருகிறேன். ஷுருன்புலாலி (ரஹ்) அவர்கள் எழுதிய அந்த மூலத்தை மட்டும் மொழிபெயர்த்தால் பாடம் நிறைவுறாது. அவர்களே அதற்கு எழுதிய 'மராக்கில் ஃபலாஹ்' விரிவுரையையும், அதன்மேல் தஹ்தாவி (ரஹ்) எழுதிய ஹாஷியாவையும் ஒப்பிட வேண்டும். ஒருபுறம் அரபு கிதாபின் பக்கம் திறந்திருக்க வேண்டும். மறுபுறம் தமிழில் தட்டச்சு செய்ய வேண்டும். ஒரே திரையில் இரண்டையும் திறந்தால் இரண்டும் பாதிப் பாதியாகிவிடுகின்றன. அங்கும் இங்கும் மாற்றி மாற்றிப் பார்த்தால், கண் விட்ட வரியைத் தேடிப் பிடிப்பதற்குள் மனத்தில் பிடித்த வாக்கியம் நழுவிவிடுகின்றது.

"கைபேசியில் பாருங்களேன் உஸ்தாத்" என்கிறார்கள் இளைஞர்கள். அவர்களுக்கு நம் கிதாபுகளின் அமைப்புத் தெரியவில்லை. நமது மதரஸாக்களில் ஓதப்படும் பாடநூல்களில் பல, வட இந்தியாவில் கல்லச்சில் பதிக்கப்பட்டவற்றின் படிகள். நடுவில் மூலம், அதைச் சுற்றி நான்கு ஓரங்களிலும் சாய்வும் தலைகீழுமாக ஹாஷியா, வரிகளுக்கு இடையே எறும்பு ஊர்வது போன்று பொடி எழுத்தில் விளக்கம். அந்தப் பக்கத்தை ஆறு அங்குலத் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கி நகர்த்திப் படிப்பவர், பள்ளிவாசல் ஜமுக்காளத்தைச் சாவித் துளை வழியாகப் பார்த்து அதன் நீளத்தைச் சொல்ல முயல்பவர் ஆவார். (ஜமுக்காளம் என்றதும் அக்கரை பவானிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.) 'மக்தபா ஷாமிலா' போன்ற மென்பொருள்களில் ஆயிரக்கணக்கான கிதாபுகள் தட்டச்சு வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ். எனினும், அச்சுப்பிழை உண்டா என்று சரிபார்க்க மறுபடியும் அந்தப் பழைய பதிப்பின் படத்துக்குத்தான் போக வேண்டியிருக்கின்றது.

நாற்பதைக் கடந்த கண் எனக்கு. ஃபஜ்ருக்குப் பின் இரண்டு மணி நேரம், இஷாவுக்குப் பின் இரண்டு மணி நேரம் ஒளிரும் திரையை உற்றுப் பார்த்ததில் சென்ற ஆண்டு கண்ணில் மணல் போட்டது போன்ற உறுத்தல் தொடங்கியது. சொட்டு மருந்து கொடுத்த மருத்துவர், திரையைப் பார்க்கும்போது இமை கொட்டுவதையே மறந்துவிடுகிறீர்கள் என்றார். குறிப்புகள் ஜனாஸா தொழுகைப் பாடத்துக்கு வருமுன் நின்றுபோயின. பாடத்தை எதிர்பார்க்கும் தாய்மார்கள் வாரந்தோறும் கேட்டனுப்புகிறார்கள்.

அந்த நிலையில்தான், முன்பு என்னிடம் ஓதி, இன்று பெங்களூரில் கணினிப் பணியில் இருக்கும் மாணவர் ஒருவர், விடுமுறைக்கு வந்தபோது தம்முடைய பத்து அங்குல இ-இங்க் டேப்லெட்டை ஒரு மாதத்துக்கு என்னிடம் விட்டுச் சென்றார். ஸ்பேஸ்டெஸ்க் என்ற மென்பொருளை நிறுவி, வைஃபை வழியாக அதை மடிக்கணினியின் இரண்டாவது திரையாக்கிக் கொடுத்தார். (அது சொந்தப் பயன்பாட்டுக்குத்தான் இலவசம். மதரஸா போன்ற நிறுவனம் வைத்துக்கொள்வதாயின் அதன் உரிம விதியைப் பார்த்து உரியதைச் செலுத்துவது அமானிதம் சார்ந்த விஷயம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், திருட்டு மென்பொருளில் தஃப்ஸீர் படிக்கும் வழக்கம் நம்மிடையே பெருகிக் கிடக்கின்றது.)

ஒரு மாத அனுபவத்தை மிகைப்படுத்தாமல் சொல்கிறேன். அது மெதுவான திரை. மவுஸின் அம்புக்குறி தத்தித் தத்தி நகரும். பக்கம் மாறினால் முந்தைய பக்கத்தின் நிழல் சற்றே மிச்சமிருக்கும். அதைப் போக்க ஒருமுறை முழுக்கக் கறுத்து வெளுக்கும். அதில் தமிழ் தட்டச்சு செய்ய முயன்று ஐந்தே நிமிடத்தில் கைவிட்டேன். வண்ணங்களால் தஜ்வீது விதிகளைக் காட்டும் குர்ஆன் பிரதி அதில் வெறும் சாம்பல் நிறமாகிவிடும். ஆனால், நகராமல் நிற்க வேண்டிய ஒரு கிதாபுப் பக்கத்தை அதில் நிறுத்திவிட்டு, மடிக்கணினியில் எழுதத் தொடங்கினால்? கண் காகிதத்தில் இருப்பது போல் இளைப்பாறுகின்றது. சாளரத்தருகே, பகல் வெளிச்சத்தில், எதிரொளிப்பின்றி உட்கார முடிகின்றது. ஃபத்ஹாவும் ஷத்தாவும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் இடங்கள்கூடத் தெளிவாகத் தெரிகின்றன. பதின்மூன்று அங்குல இ-இங்க் மானிட்டர் ஒன்றில் ஓர் அங்குலத்துக்கு 207 புள்ளிகள். சாதாரண பதினைந்தரை அங்குல முழு எச்டி மடிக்கணினியில் ஏறத்தாழ 141. அந்த மாதத்தில், அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் எழுதியதைவிட அதிகம் எழுதினேன். டேப்லெட் பெங்களூர் திரும்பியது. குறிப்புகள் மீண்டும் நின்றன.

இப்போது இஸ்ராஃபுக்கு வருவோம்.

ஓடும் ஆற்றருகிலும் நீரை விரயமாக்காதீர் என்ற பொருளில் வரும் அறிவிப்பு இப்னு மாஜாவில் இருக்கின்றது. அதன் அறிவிப்பாளர் தொடரில் ஹதீஸ் கலை அறிஞர்களின் விமர்சனம் உண்டு. கருத்து எல்லாராலும் ஏற்கப்பட்டது. அதை நான் பயானில் சொன்னது உண்மை. ஆனால் அந்த அறிவிப்பு எதைத் தடுக்கின்றது? தேவையான ஒளூவையா? தேவைக்கு மேற்பட்ட நீரையா? நீர் விலையுயர்ந்தது என்பதற்காகத் தடுக்கவில்லை. ஆற்றில் அதற்கு விலையே இல்லை. தேவையின் அளவைத் தாண்டுவதே இஸ்ராஃப். விலையின்றிக் கிடைப்பதிலும் இஸ்ராஃப் நிகழும். விலை மிகுந்ததை வாங்குவதில் நிகழாமலும் இருக்கும். செலவு செய்யத் தகாத இடத்தில் செய்வதைத் 'தப்தீர்' என்றும், தகுந்த இடத்தில் அளவு மீறுவதை 'இஸ்ராஃப்' என்றும் அறிஞர்கள் பலர் பிரித்துக் காட்டியுள்ளனர். இரண்டிலுமே விலைச்சீட்டு அளவுகோல் ஆகாது. அல்ஃபுர்கான் அத்தியாயத்தின் 67ஆம் வசனமோ, ரஹ்மானின் அடியார்களை வர்ணிக்கையில் விரயத்தை மட்டும் விலக்கவில்லை. கையை இறுக்கிக்கொள்வதையும் சேர்த்தே விலக்குகின்றது. நம் கூட்டங்களில் முதற்பாதி மட்டுமே ஓதப்படுகின்றது.

தறி முதலாளியான ஒரு சகோதரரிடம் தனியே கேட்டேன்: "சாதாத் தறியை எடுத்துட்டு ரேப்பியர் தறி போட்டீங்களே பாய், அது இஸ்ராஃபா?" "அது எப்படி ஹஸ்ரத் இஸ்ராஃப் ஆகும்? அது தொழில்" என்றார். "தறிக்கூடத்துல இருந்த பழைய டியூப் லைட்டை எல்லாம் மாத்துனீங்களே?" "இழை அறுந்தது தெரியலேன்னா துணி பழுதாகும்ல? ஆள் கண்ணும் போயிடும்." இதைச் சொன்னவரும் அந்தக் கூட்டத்தில் சிரித்தவர்களுள் ஒருவர்தாம். அறுந்த இழையைக் காண நல்ல வெளிச்சம் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஒரு சட்டத்தின் இழை அறுந்த இடத்தைக் காண ஓர் ஆலிமுக்கு என்ன வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. பழுதான துணியைக் குறைந்த விலைக்கு விற்றுவிடலாம். பழுதான மஸ்அலாவைக் கேட்டுக்கொண்டு போன பெண்மணி, ஆயுளெல்லாம் அதன்படியே தொழுவார்.

புகாரியில் ஒரு ஹதீஸ் உண்டு. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த இளைஞர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களை அழைத்து, உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் அவர்மீது உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். கண்ணைத் தனியே குறிப்பிட்டதைக் கவனியுங்கள். இபாதத்தின் பெயரால்கூடக் கண்ணின் ஹக்கைப் பறிக்க ஒரு ஸஹாபிக்கு அனுமதி கிடைக்கவில்லை. சிக்கனத்தின் பெயரால் மதரஸா உஸ்தாதின் கண்ணிலிருந்து அதைப் பறிக்க நிர்வாகத்துக்கு எங்கிருந்து அனுமதி வந்தது?

இந்த இடத்தில் மறுபக்கத்தாரையும் விட்டுவிட முடியாது. கூட்டச் செய்தி வெளியானதும், 'ஹலால் திரை', 'நஃப்ஸை அடக்கும் திரை' என்றெல்லாம் எழுதி எனக்கு ஆதரவாகச் செய்தி அனுப்பிய இளைஞர்கள் உண்டு. அவர்களின் ஆதரவு எனக்கு வேண்டாம். இ-இங்க் திரையில் வீடியோ ஓடாது, ஆதலால் பாவம் நேராது என்கிறார்கள். புறம் பேசுவதற்கு வண்ணம் தேவையா? கோள் மூட்டும் செய்தி கறுப்பு வெள்ளையில் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு கருவி மெதுவாக இயங்குவதால் அதை வைத்திருப்பவர் தக்வாதாரி ஆகிவிடமாட்டார்.

அவர்கள் பரப்பும் மருத்துவப் பேச்சிலும் பாதி உண்மையன்று. திரையிலிருந்து வரும் நீல ஒளி கண்ணைக் குருடாக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமியே நீல ஒளி தடுக்கும் கண்ணாடிகளைப் பரிந்துரைப்பதில்லை. கண் உலர்வதும் களைப்பதும் பெரும்பாலும் இமைக்காமல் உற்றுப் பார்ப்பதாலும், வெகுநேரம் கிட்டத்திலேயே பார்ப்பதாலும் நேர்பவை. இ-இங்க் திரையையும் இமைக்காமல் மூன்று மணி நேரம் பார்த்தால் அதே உறுத்தல் வரும். உறக்கத்தைப் பொறுத்தவரை ஒரு விஷயம் உண்டு. பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றின் ஆய்வாளர்கள் 2014 இறுதியில் வெளியிட்ட ஆய்வில், படுக்குமுன் ஒளிரும் திரையில் படித்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் படித்தவர்களைக் காட்டிலும் உறக்கம் தாமதமானது தெரியவந்தது. பங்கேற்றவர்கள் பன்னிருவர்தாம், அதை வைத்துக் கோட்டை கட்ட வேண்டாம். இஷாவுக்குப் பின் கிதாபு பார்த்துவிட்டுத் தஹஜ்ஜுதுக்கு எழ விரும்புகிறவர் கவனிக்கத்தக்க செய்தி, அவ்வளவே.

இன்னும் சிலர், "எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு இ-இங்க் டேப்லெட் வாங்குவோம்" என்கிறார்கள். வேண்டவே வேண்டாம். ஹிஃப்ளு பிள்ளைகளுக்குக் காகித முஸ்ஹஃபுதான். பதினைந்து வரிப் பிரதியில், வலப்பக்கத்தின் மூன்றாம் வரி என்று இடத்தோடு சேர்த்தே வசனம் அவர்கள் நெஞ்சில் பதிகின்றது. எழுத்தை ஒருநாள் பெரிதாக்கியும் மறுநாள் சிறிதாக்கியும் காட்டும் கருவி, அந்த இடத்தைக் கலைத்துவிடும். நான் கேட்பது ஆசிரியர் மேசைக்கு ஒரே ஒரு திரை.

சிரிப்பினால் மறைந்துபோன ஒரு மஸ்அலா இருக்கின்றது. அது என்னைப் பல இரவுகள் யோசிக்க வைத்தது. கைபேசியில் தெரியும் குர்ஆன் வசனங்களை ஒளூ இன்றித் தொடலாமா என்ற கேள்விக்கு, இக்கால அறிஞர்கள் பலர் இவ்வாறு விடை தருகின்றனர்: திரையில் தெரிபவை நிலைபெற்ற எழுத்துகள் அல்ல, ஒளியின் அமைப்பு, மின்சாரம் நின்றால் மறைந்துவிடும், ஆகவே கைபேசிக்கு முஸ்ஹஃபின் சட்டம் இல்லை. சரி. இ-இங்க் திரைக்கு இந்தக் காரணம் பொருந்துமா? அங்கே தெரிவது ஒளியன்று, கறுப்புத் துகள். மின்சாரம் நின்றாலும் அது மறையாது. மின்கலம் முற்றிலும் தீர்ந்து, மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தாலும் கடைசியாகத் திறந்த பக்கம் அப்படியே நிற்கும். இது காகிதத்தையா ஒத்தது, கைபேசியையா?

நம் பாட்டனார் காலத்தில் குர்ஆன் ஓதப்போன பிள்ளைகள் மரப்பலகை வைத்திருந்தார்கள். அதில் எழுதி, ஓதி, பாடம் ஆனதும் கழுவி, மறுநாள் பாடத்தை எழுதினார்கள். பக்கம் மாறும்போது முழுக்கக் கறுத்து வெளுத்துப் புதிய எழுத்தைக் காட்டும் இந்தத் திரையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பலகையைக் கழுவுவதுதான் நினைவுக்கு வருகின்றது. பலகையின் சட்டத்தை நம் ஃபிக்ஹு நூல்கள் பேசாமல் விடவில்லை. ஹனஃபி மத்ஹபில், முஸ்ஹஃப் அல்லாத பலகை, நாணயம் போன்றவற்றில் வசனம் எழுதப்பட்டிருந்தால், எழுத்து உள்ள இடத்தை ஒளூ இன்றித் தொடுவது தடுக்கப்படும். எழுத்தில்லாத இடத்துக்கு அத்தடை இல்லை. ஷாஃபிஈ மத்ஹபில், ஓதிப் படிப்பதற்காக எழுதப்பட்டது பலகையாயினும் தொடுவது தடை. விவரம் அறிந்த சிறுவர் ஓதும் தேவைக்காகத் தொடுவதற்குச் சலுகை உண்டு. எழுத்துக்கும் விரலுக்கும் நடுவே மெல்லிய மேலுறை இருக்கின்றதே என்று கேட்கலாம். கழற்றக்கூடிய உறைக்கும், பொருளோடு ஒட்டியே இருக்கும் உறைக்கும் சட்டம் வேறு என்பதைப் படித்தவர்கள் அறிவார்கள். இந்த மேலுறை கழலாது.

அடியேன் இதில் ஃபத்வா தரவில்லை. முஃப்திகளின் கவனத்துக்கு வைக்கிறேன். பேணுதலுக்காக, தொடுதிரை டேப்லெட்டில் குர்ஆன் பக்கம் திறந்திருந்தபோது ஒளூவுடனேயே கையாண்டேன். அணைக்குமுன் வெற்றுப் பக்கத்துக்கு மாற்றினேன். இல்லாவிடில் வசனம் தாங்கிய திரையை அறியாமலே கண்ட இடத்தில் வைத்துவிட நேரும். மேசைமேல் நிற்கும் மானிட்டரில் இந்தச் சிக்கல் குறைவு. பக்கத்தை மவுஸ்தான் புரட்டும், விரல் படாது. 'டிவி' என்று சிரித்த பெரியவரிடம் ஒன்று கேட்கத் தோன்றுகின்றது: எந்த டிவியைத் தொடுவதற்கு ஒளூ வேண்டுமா என்று ஆலிம்கள் யோசிக்க நேர்ந்தது?

பணக் கணக்கையும் ஒளிவின்றி வைக்கிறேன். 2021இல் ஓனிக்ஸ் வெளியிட்ட பதின்மூன்று அங்குல மானிட்டரின் அமெரிக்க விலை ஏறத்தாழ 800 டாலர். இங்கே வந்து சேரும்போது சுங்கமும் அனுப்புச் செலவும் கூடி எழுபதாயிரம் ரூபாயைத் தாண்டும். பத்து அங்குல டேப்லெட் ஏறத்தாழ அதில் பாதி. ஒருவர் பயன்படுத்தி விற்பது இன்னும் குறையும். நான் கேட்டது அந்தப் பத்து அங்குலத்தைத்தான். சிறிய தொகை என்று சொல்லமாட்டேன். தறி ஓட்டும் ஒரு தந்தைக்கு அது மாதக்கணக்கான கூலி. அதனால்தான் ஒவ்வொரு ஆசிரியருக்கும் கேட்காமல், நால்வர் மாறி மாறி உட்காரும் மேசைக்குக் கேட்டேன்.

"ஜகாத் பணத்துல வாங்கிக்கலாமே ஹஸ்ரத்" என்று கூட்டம் முடிந்தபின் ஒருவர் இரகசியமாகச் சொன்னார். நல்லெண்ணத்தோடு சொன்னார், ஆயினும் கூடாது. ஹனஃபி மத்ஹபில் ஜகாத் நிறைவேற, தகுதியுள்ள ஏழைக்கு அதை உடைமையாக்க வேண்டும். மதரஸாவின் மேசை ஏழையும் அன்று, எதையும் உடைமையாக்கிக்கொள்ளும் ஆளும் அன்று. இதற்குரியது லில்லாஹ் நன்கொடைதான். வக்ஃபு வருமானம் என்றால், வக்ஃபு செய்தவர் வைத்த நிபந்தனை இடங்கொடுக்க வேண்டும். முகப்பு விளக்குக்கு எந்தக் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டதோ, அந்தக் கணக்கே இதற்கும் போதும்.

படிப்புக் கருவி புதிதாக வரும்போதெல்லாம் நாம் தயங்கி நின்று, தலைமுறை கடந்தபின் ஏற்றுக்கொள்வது இன்று தொடங்கிய வழக்கம் அன்று. உதுமானிய சுல்தான் மூன்றாம் அஹ்மத் 1727இல் இப்ராஹீம் முதஃபர்ரிகாவுக்கு அச்சகம் நடத்த அனுமதி தந்தபோது, மார்க்க நூல்களை விலக்கியே தந்தார். 1729இல் வெளிவந்த முதல் நூல் ஓர் அகராதி. கெய்ரோவில் அறிஞர் குழுவின் மேற்பார்வையில் எழுத்துக்கோத்து அச்சிட்ட முஸ்ஹஃப் வந்தது 1924இல். இன்று நம் வீட்டு அலமாரிகளில் அச்சிடாத குர்ஆன் பிரதி ஒன்றேனும் உண்டா?

தமிழுலகில் நடந்ததையும் பாருங்கள். கிண்டில் போன்ற இ-இங்க் கருவிகள் தொடக்கத்தில் தமிழ் எழுத்துகளைச் சரிவரக் காட்டவில்லை. கொம்பும் காலும் இடம் மாறி நின்றன. 2013இல் தொடங்கப்பட்ட ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் திட்டத்தின் தன்னார்வலர்கள், கருவி திருந்தும்வரை காத்திருக்கவில்லை. அந்த ஆறு அங்குலத் திரைக்கென்றே அளவெடுத்துத் தனிப் பிடிஎஃப் கோப்புகளைச் செய்து, தமிழ் நூல்களை இலவசமாகத் தந்தார்கள். பெரும்பாலும் பகலில் வேறு பணி பார்த்துவிட்டு இரவில் இதைச் செய்தவர்கள். எந்த நிர்வாகமும் அவர்களுக்கு விளக்குப் பிடிக்கவில்லை.

நம் பக்கம் என்ன நடந்தது? கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் 1898இல் மறைந்தார்கள். அவர்களும் அவர்கள் காலத்து ஆலிம்களும் அரபுத் தமிழில் எழுதிக் கல்லச்சில் பதித்த நூல்களைச் சரளமாக வாசிக்கத் தெரிந்தவர்களை இன்று விரல் விட்டு எண்ணலாம். அந்தப் பிரதிகளின் தாள்கள் தொட்டால் உதிர்கின்றன. அவற்றைப் படமெடுத்து, ஒரு திரையில் நிறுத்தி, பக்கத்துத் திரையில் தமிழெழுத்துக்கு மாற்றும் பணிக்கு நூற்றுக்கணக்கான பக்கங்கள் காத்திருக்கின்றன. அதை யார் செய்வார்? அரபெழுத்தும் தமிழும் ஒருசேர அறிந்தவர்கள் மதரஸா ஆசிரியர்கள்தாம். அவர்களுக்குப் பகலில் ஐந்து வகுப்பு. இரவில் கண் எரிச்சல்.

வரும் மாதத்துக் கூட்டத்தில் அதே கோரிக்கையை மறுபடியும் வைக்கப்போகிறேன், இன்ஷா அல்லாஹ். பெங்களூர் மாணவர் தம் டேப்லெட்டை அன்றைக்கு மட்டும் கொண்டுவர இசைந்திருக்கிறார். மேசையில் மூன்றை வைப்பேன்: தஹ்தாவியின் அச்சுப் பிரதி, அதே பக்கம் மடிக்கணினித் திரையில், அதே பக்கம் இ-இங்க் திரையில். 'ரெண்டு டிவியா' என்று கேட்ட பெரியவர் அரபெழுத்தைத் தடுமாறாமல் ஓதக்கூடியவர். தம் சாளேஸ்வரக் கண்ணாடியை மறக்காமல் எடுத்துக்கொண்டு வரட்டும். மூன்றிலும் ஓரத்து ஹாஷியாவில் பத்துப் பத்து வரிகள் ஓதிவிட்டு, எந்த இடத்தில் கண் இடறியது என்று அவரே சபைக்குச் சொல்லட்டும்.